ஓட்டிப் பார்க்க எங்கே விடுகிறார்கள்? கோலாலம்பூரில் பழைய கார் வாங்க நான்கு வழிகள்

முப்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) அளவில் மைவி, சாகா, வியோஸ் மாதிரி ஒரு பழைய கார் தேடும் குடும்பங்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். அடுத்து வருடம், மைலேஜ், கடைசியில் கலர். ஓட்டிப் பார்ப்பது மட்டும் சடங்காகப் போய்விடுகிறது. கடையைச் சுற்றி ஒரு ரவுண்டு, ஏர்கோன் குளிருகிறதா என்று ஒரு கை நீட்டல், "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு தலையாட்டல். ஐந்து முதல் ஒன்பது வருடம் லோன் கட்டப் போகும் பொருளுக்கு நாம் ஒதுக்கும் நேரம் சில சமயம் ஐந்து நிமிடம்கூட இல்லை.

என் கருத்து இதுதான்: எங்கே வாங்குவது என்பதை, யார் உங்களை ஒழுங்காக ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டாயிரம் வெள்ளி விலை வித்தியாசம் ஒரு கியர்பாக்ஸ் ரிப்பேரில் காணாமல் போய்விடும். அந்தக் கியர்பாக்ஸ் எப்படி இருக்கிறது என்பதை அரை மணி நேர ஓட்டம் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. சாலையோரக் கார் கடை டீலர், கார்சம் அல்லது காரோ போன்ற இணைய நிறுவனம், பெரோடுவா, தொயோத்தா போன்ற தயாரிப்பாளர்களின் சொந்தப் பழைய கார் பிரிவு, அப்புறம் காரின் உரிமையாளரிடமே நேரடியாக வாங்குவது.

கார் கடை டீலர்

ஜாலான் ஈப்போ, செகாம்புட், கெப்போங், பழைய கிள்ளான் சாலை, பூச்சோங் என்று எங்கே போனாலும் இந்தக் கடைகள் இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் முதலில் போவதும் இங்கேதான். ஓட்டிப் பார்க்கும் விஷயத்தில் கடைக்குக் கடை வித்தியாசம் அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பல கடைகளில் சேல்ஸ்மேன்தான் ஓட்டுவார், நீங்கள் பக்கத்தில் உட்காருவீர்கள். சில கடைகளில் நீங்கள் ஓட்டலாம், ஆனால் கடை வளாகத்துக்குள் மட்டும். இன்னும் சில கடைகளில் பக்கத்துத் தாமானைச் சுற்றி ஒரு வட்டம். "பாஸ், ரோட் டேக்ஸ் இல்ல, வெளிய எடுத்துட்டுப் போக முடியாது" என்ற பதிலையும் அடிக்கடி கேட்கலாம். இதைக் கேட்டதும் அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்கத் தேவையில்லை. காரணம் பல நேரம் உண்மையானது.

காரை விற்றவர் அடுத்த காருக்குத் தன் என்சிடி கழிவை, அதாவது இழப்பீடு கோராதவருக்கு இன்சூரன்ஸ் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியை, கொண்டு போவார். மலேசியாவில் தனியார் காருக்கு அந்தக் கழிவு 55 விழுக்காடு வரை போகும், அது காரோடு அல்ல, ஆளோடு போவது. அதை மாற்றுவதற்காகப் பெரும்பாலும் பழைய காரின் இன்சூரன்ஸை ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே கடைக்கு வந்து சேரும் கார் பல சமயம் இன்சூரன்ஸ் இல்லாத கார். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட் டேக்ஸ் புதுப்பிக்க முடியாது. ஐம்பது கார் வைத்திருக்கும் டீலர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இரண்டையும் எடுத்து வைத்திருக்க மாட்டார்.

பழைய உரிமையாளரின் இன்சூரன்ஸ் இன்னும் உயிரோடு இருந்தாலும் சிக்கல் தீரவில்லை. நம் ஊர்த் தனியார் கார் பாலிசியின் வழக்கமான வாசகத்தில், வாகன வணிகம் தொடர்பான பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று இருக்கிறது. கடையில் விற்பனைக்கு நிற்கும் காரை வாடிக்கையாளர் ஓட்டிப் பார்ப்பது அந்த வரிக்குள் வந்து விழக்கூடிய விஷயம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90வது பிரிவு, சாலையில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸாவது இருக்க வேண்டும் என்கிறது. ஒரு மோட்டார்சைக்கிள்காரர் மேல் இடித்துவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் நீங்கள். "டீலர்தான் ஓட்டச் சொன்னார்" என்பது அங்கே உங்களைக் காப்பாற்றாது.

ஆகவே சாவியை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தக் கார் இப்ப ரோட்டுல ஓட இன்சூரன்ஸ் இருக்கா? காட்டுங்க." கண்ணாடியைப் பார்த்தால் தெரியாது. 2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களுக்கு ரோட் டேக்ஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. போனிலோ தாளிலோ செல்லுபடியாகும் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். வாகன வணிகர்களுக்கென்றே தனி இன்சூரன்ஸ் உண்டு. அதை எடுத்து வைத்திருக்கும் டீலர் தயங்காமல் காட்டுவார். அப்படிப்பட்ட கடை என் மனதில் உடனே ஒரு படி மேலே போய்விடும்.

இன்னொரு காரணம் இடம். கார்களை ஒன்றையொன்று உரசாத குறையாக நெருக்கி நிறுத்தியிருப்பார்கள். உள்ளே நிற்கும் ஒன்றை எடுக்க நான்கை நகர்த்த வேண்டும். அதனால் முன்கூட்டியே போன் செய்து எடுத்து வைக்கச் சொல்வது நல்லது. ஆனால் அதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லுங்கள்: "முந்தின நாள் சாயந்திரமே வெளிய எடுத்து நிறுத்திடுங்க, நான் காலையில் கடை திறக்கிறப்ப வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பேட்டரி இறங்கியிருக்கும் என்று சூடாக்குவதும் உண்டு, ஆகவே சண்டை வேண்டாம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

டீலருக்கும் பயம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி வாங்கி அப்படியே கிளம்பிவிடுவார்களோ என்ற கவலை நியாயமானது. லைசென்ஸைப் பார்ப்பதும், மைகாட் (அடையாள அட்டை) நகல் எடுப்பதும், கூடவே ஒருவர் ஏறி உட்காருவதும் ஒழுங்கான கடையின் அடையாளம். லைசென்ஸைக்கூடக் கேட்காமல் சாவியைத் தூக்கிக் கொடுப்பவரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும். நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "டெஸ்ட் டிரைவ் மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். அசல் மைகாட்டைக் கவுண்டரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

என் மாமா மகனுக்கு வியோஸ் பார்க்கச் செகாம்புட்டில் ஒரு கடைக்குப் போனபோது, கடைக்காரர் லைசென்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "எங்க வேணும்னாலும் ஓட்டுங்க தம்பி, நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்" என்றார். டியூக் நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் நடுங்கியது. அவரே அதைக் கவனித்து, டயர் பேலன்ஸ் பார்த்துத் தருகிறேன், அப்புறம் மறுபடி ஓட்டிப் பாருங்கள் என்றார். கார் வாங்கியது அங்கேதான். பக்கத்துக் கடையில் அதே வருடத்து வியோஸ் விலை குறைவாகத்தான் இருந்தது, ஆனால் வளாகத்தை விட்டு வெளியே எடுக்க விடவில்லை.

"முதல்ல புக்கிங் பணம் கட்டுங்க, அப்புறம் ஓட்டலாம்" என்று சொல்லும் கடையில் மட்டும் மேற்கொண்டு பேச வேண்டாம். ஓட்டிப் பார்க்காத காருக்குப் பணம் கட்டினால், பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு குறையையும் நம் மனமே சின்னதாக்கிவிடும்.

ஜப்பானில் ஓடிய பிறகு இங்கே இறக்குமதியாகும் ரீகோன் கார்களின் கதை வேறு. அவை இங்கே இன்னும் பதிவாகாதவை, நம்பர் இல்லாதவை. சாலையில் எடுக்க வணிகர்களுக்கான டிரேட் பிளேட் வேண்டும். அது இல்லாமல் நம்பர் பிளேட்டே இல்லாத காரை "பக்கத்துல ஒரு ரவுண்டு" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள்.

இணைய நிறுவனங்கள்

2015இல் இங்கே தொடங்கிய கார்சம், முன்பு மைதுக்கார் என்ற பெயரில் இருந்த காரோ ஆகிய இரண்டும் இந்த வகையில் பலருக்கும் தெரிந்தவை. முன்பதிவு செய்து அவர்கள் இடத்துக்குப் போனால் கார் தயாராக வெளியே நிற்கும், ஊழியர் ஒருவர் கூட வருவார், போகும் வழியும் ஏறக்குறைய முடிவு செய்யப்பட்டதாக இருக்கும். காகிதக் குழப்பம் குறைவு. பேரம் பேசும் களைப்பும் இல்லை.

ஆனால் ஓட்டம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் இது ஒரு நல்ல டீலர் தருவதைவிடக் குறைவுதான். அடுத்த வாடிக்கையாளர் காத்திருப்பார், முந்தையவர் ஓட்டிய சூடு இன்னும் இன்ஜினில் இருக்கும். குளிர்ந்த இன்ஜினைப் பார்க்கும் வாய்ப்பு காலையின் முதல் முன்பதிவுக்குத்தான். அதைக் கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களைச் சோதித்த அறிக்கை ஒன்று கையில் தருவார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் அந்த அறிக்கை ஒரு நாளின் நிலையைச் சொல்வது.

இந்த வழியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வாங்கிய சில நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற அவகாசம். என்னைக் கேட்டால் அந்த நாட்கள்தான் இங்கே நிஜமான டெஸ்ட் டிரைவ். பலர் அந்த நாட்களில் பத்துமலைக்கோ உள்ளூர்க் கோவிலுக்கோ பூஜை போடக் கொண்டு போய், சொந்தக்காரர்களுக்குக் காட்டி, புது சீட் கவர் மாட்டி முடித்துவிடுகிறார்கள். பூஜை ஒரு வாரம் காத்திருக்கலாம். முதல் நாளே உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டு போய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் குடும்பத்தோடு ஒருமுறை ஏறி இறங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அவகாசம் எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் வரை, பெயர் மாற்றிய செலவு யார் தலையில், லோன் எப்படி ரத்தாகும் என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளரின் சொந்தப் பிரிவு

பெரோடுவாவுக்குப் பழைய கார் பிரிவு உண்டு, தொயோத்தாவுக்கு டாப்மார்க் உண்டு. தங்கள் பிராண்டை நன்கு தெரிந்தவர்கள் பார்த்த கார், சர்வீஸ் வரலாறு, உத்தரவாதம். ஓட்டிப் பார்ப்பதில் பெரிய சண்டை இருக்காது. விலை கூட, தேர்வு குறைவு, வயதான கார்கள் கிடைப்பது அரிது. பட்ஜெட் இடம் கொடுத்தால், காரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

உரிமையாளரிடம் நேரடியாக

ஓட்டிப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. கார் நேற்று இரவிலிருந்து அவருடைய அடுக்குமாடியின் கீழே நிற்கிறது, இன்ஜின் குளிர்ந்திருக்கிறது, இன்சூரன்ஸும் ரோட் டேக்ஸும் உயிரோடு இருக்கின்றன. எங்கே சர்வீஸ் செய்தார், எப்போது டயர் மாற்றினார் என்று கேட்டுக்கொண்டே ஓட்டலாம். நிறுத்திய இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம், கடையில் கிடைக்காத சாட்சி அது.

இங்கே இன்சூரன்ஸில் ஒரு சின்ன விஷயம். பாலிசியில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டி விபத்தானால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டில் முதல் 400 வெள்ளியை உரிமையாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். "ஏதாவது ஆச்சுன்னா அந்த நானூறு என் பொறுப்பு, அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாகச் சாவியைக் கொடுப்பார்.

காரின் கிராண்டில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் பெயரும் எதிரே நிற்பவரின் மைகாட்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். "என் தம்பி கார்தான்", "நண்பர் விக்கச் சொன்னார்" என்றால் அவர் தரகர், உரிமையாளர் அல்ல. அப்படியானால் மேலே சொன்ன டீலர் கேள்விகள் எல்லாம் இவருக்கும் பொருந்தும்.

பலவீனங்கள் ஓட்டி முடித்த பிறகு வருகின்றன. தனி ஆளிடம் வாங்க வங்கி லோன் எடுப்பது சிரமம், பல நேரம் நடுவில் ஒரு டீலரைப் பிடித்து அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். அவருடைய லோன் பாக்கி இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும். பின்னால் பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் கைகொடுக்காது. அது வணிகர்கள் மீதான புகாருக்கானது. டீலர் மீது என்றால் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வக்கீல் இல்லாமலே அங்கே கொண்டு போகலாம். பழைய கார்களில் பெரும்பாலானவை இந்தத் தொகைக்குள் அடங்கும் என்பதால், கடையில் வாங்குவதற்கு இது ஒரு வலுவான காரணம்.

அந்த அரை மணி நேரத்தில்

எங்கே வாங்கினாலும் ஓட்டம் இப்படி இருக்கட்டும். சாவியைத் திருப்பியதும், இன்ஜினை முடுக்குவதற்கு முன், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும், முடுக்கிய பின் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் யாரோ அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் கூட வந்தவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. நம் ஊர் வெயிலில் வெள்ளைப் புகை நீண்ட நேரம் வந்தால் கூலன்ட் கசிவைச் சந்தேகிக்க வேண்டும்.

ரேடியோவை அணையுங்கள். சேல்ஸ்மேன் பேசிக்கொண்டே வந்தால், "கொஞ்ச நேரம் சத்தம் கேட்டுப் பார்க்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சத்தம்தான் இங்கே பாதி விஷயம்.

ஜாலான் ஈப்போ நெரிசல் மாதிரி ஊர்ந்து போகும் சாலை ஒன்று கட்டாயம் வேண்டும். நின்று நின்று போகும்போதுதான் கியர்பாக்ஸின் குணம் வெளியே வரும், சூட்டு முள் ஏறுகிறதா, நிற்கும்போது ஏர்கோன் குளிர் குறைகிறதா என்பதும் தெரியும். எந்தக் கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொண்டு போங்கள். 2016இல் வந்த சாகாவில் சிவிடி (படிப்படியாக மாறும் கியர் இல்லாத ஆட்டோ), 2019 மாற்றத்துக்குப் பிறகு நான்கு கியர் ஆட்டோ. மைவியில் நேர்மாறாக, 2017இல் வந்தது நான்கு கியர், 2021 இறுதியில்தான் சிவிடி. வியோஸ் 2016 இறுதியிலிருந்து சிவிடி. சிவிடி காரை மெதுவாக முடுக்கி 20லிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் போகும்போது உடம்பு அதிர்ந்தாலோ, ஊளையிடும் சத்தம் வேகத்தோடு கூடினாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன். சாதாரண ஆட்டோவில் கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போன்ற உதறல் இருக்கக் கூடாது.

மலை ஏற நேரமில்லை என்றால் பேரங்காடி ஒன்றின் அடுக்குக் கார் நிறுத்துமிடத்துக்குப் போங்கள். அந்தச் சுழல் ஏற்றம் ஒரே இடத்தில் பல சோதனைகளைச் செய்துவிடும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக ஏறும்போது முன் சக்கரப் பக்கம் "டக் டக்" என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி கிளப்பினால் இன்ஜினின் இழுவை தெரியும். மேடுகளில் ஏறி இறங்கும்போது அப்சார்பர் தட்டுகிறதா என்றும் கேட்கலாம்.

அப்புறம் நெடுஞ்சாலை. அனுமதித்த வேகத்தில் நேராகப் போகும்போது கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, காலியான இடத்தில் பின்னால் யாரும் இல்லாதபோது அழுத்தி பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இழுப்பது டயர் காற்றாகவும் இருக்கலாம், பெரிய விபத்தில் சேஸிஸ் வளைந்து சரி செய்ததாகவும் இருக்கலாம். இதைப் பட்டறையில் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மற்ற இடங்களிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஏர்கோனை அணைத்துக் கண்ணாடிகளை மூடி வெயிலில் சில நிமிடம் நிறுத்துங்கள், ஈர வாடை வந்துவிடும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே ஒளிந்திருக்கும். பின்னால் ஸ்பேர் டயர் குழியையும் பாருங்கள்.

புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தில் பாஸ் ஆன கார் என்று சொல்லி ஓட்டத்தைச் சுருக்கப் பார்ப்பார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையின் நோக்கம் முக்கியமாகச் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் சரியா என்று பார்ப்பது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அது சொல்லாது.

யாருக்கு எது

காரைப் பற்றித் தெரிந்த அண்ணனோ நம்பிக்கையான மெக்கானிக்கோ கூட வரக்கூடியவர்கள், ரொக்கமாகக் கொடுக்க முடிந்தால், முதலில் உரிமையாளரிடம் தேடுங்கள். லோன் வேண்டும், கூட வர ஆளும் இருக்கிறார் என்றால் கார் கடை, ஆனால் செல்லுபடியாகும் இன்சூரன்ஸோடு, கடை வளாகத்துக்கு வெளியே அரை மணி நேரம் விடும் கடை மட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஒருவர் மறுத்தால் அடுத்தவரைப் பார்க்கலாம். கூட வர யாரும் இல்லாத முதல் கார் வாங்கும் பிள்ளைகளுக்கு, தனியாகப் போகும் பெண்களுக்கு, இணைய நிறுவனமோ தயாரிப்பாளரின் பிரிவோ நல்லது. இணைய நிறுவனம் என்றால் திருப்பித் தரும் அவகாசத்தின் முதல் நாளிலேயே மெக்கானிக்கிடம் நேரம் வாங்கி வையுங்கள்.

ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகி முன்பணம் கட்டும்போது, லோன் கிடைக்காவிட்டாலோ புஸ்பாகோமில் தேறாவிட்டாலோ பணம் முழுதும் திரும்பும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஓட்டும்போது கண்டுபிடித்து, சரி செய்து தருகிறேன் என்று அவர் சொன்னவற்றையும் அதே ரசீதில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லி, கடை முத்திரையும் வைத்து வாங்குங்கள்.